மரப்பட்டையில் சாம்பல் திட்டா? மருந்து அடிக்க அவசரம் வேண்டாம்!

பருவமழை ஓய்ந்ததும் மா, தென்னை விவசாயிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், மரத்துல தேமல் மாதிரி படர்ந்திருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?" சிலர் கேட்பதற்கு முன்பே பட்டையைச் சுரண்டி, பூஞ்சாணக் கொல்லியும் தெளித்துவிடுகிறார்கள். கூலியும் வீண், மருந்தும் வீண். அந்தத் திட்டுகள் பெரும்பாலும் நோயல்ல. லைக்கன் எனப்படும் மரப்பாசி.

கூட்டுக் குடித்தனம்

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை இருப்பிடம் தந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பூஞ்சைக்கும் கொடுக்கிறது. இதற்கு வேர் கிடையாது. மழை, பனி, காற்றில் வரும் தூசி ஆகியவற்றிலிருந்தே சத்தை எடுத்துக்கொள்கிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஒட்டிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான்.

இயற்கையில் இதற்குப் பெரிய வேலை இருக்கிறது. பாறையில் படரும் லைக்கன்கள் சுரக்கும் அமிலம், பாறையை மெல்லக் கரைத்து மண் உருவாக உதவுகிறது. நீலப்பச்சைப்பாசி உள்ள வகைகள், அசோலாவைப் போலவே காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகின்றன. செட்டிநாட்டுச் சமையலில் மணக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். கந்தகப் புகை மிகுந்த இடத்தில் பல வகை லைக்கன்கள் பிழைப்பதில்லை. எனவே, இலைபோல விரிந்து வளரும் லைக்கன் உங்கள் தோப்பில் இருந்தால் அது நல்ல காற்றுக்கு அடையாளம்.

நலிந்த மரத்தில் அதிகம் ஏன்?

"லைக்கன் வந்த பிறகுதான் மரம் நலிந்தது" என்பார்கள். உண்மை தலைகீழானது. மரம் நலிந்து இலை குறையும்போது, வெயில் பட்டைமீது விழுகிறது. அந்த வெளிச்சத்தில் லைக்கன் செழிக்கிறது. ஆகவே திட்டைச் சுரண்டுவதால் மரம் தேறாது. வடிகால் சரியா, வேரில் பாதிப்பு உண்டா என்று பாருங்கள். மண் பரிசோதனை செய்து உரமிடுங்கள். காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்யுங்கள்.

நோயைப் பிரித்தறிவது எப்படி?

* திட்டின்மீது தண்ணீர் தெளியுங்கள். சற்று நேரத்தில் பச்சை நிறம் தெரிந்தால் லைக்கனாக இருக்கலாம். ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் அடியில் பட்டை கெடாமல் இருக்கும்.

* தென்னையில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் அது சாறு வடிதல் அல்லது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம்.

* மாவில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தாலும் கவனம் தேவை.

* மா, கொய்யா இலைகளில் துரு நிறப் புள்ளிகள் இருந்தால் அது சிவப்புத் துரு நோயாக இருக்கலாம். அதை உண்டாக்குவதும் ஒரு பாசிதான். ஆனால், அது இலையைத் தாக்கும் ஒட்டுண்ணி.

கடைசி மூன்றில் எது தெரிந்தாலும், தாமதிக்காமல் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ அணுகுங்கள். வெறும் சாம்பல் திட்டு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மருந்துக்கு ஒதுக்கிய பணத்தில் தொழுவுரம் வாங்கிப் போட்டால், மரம் அதற்கு நன்றி சொல்லும்.