'தொழிலாளி' என்கிற சொல் மட்டும் கூடாது: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கூலியும் இடமாற்றமும்

1

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நம்மூர்க் கல்லூரி மைதானத்தை மனதில் வைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கால்பந்து என்பதும் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுகிற ஆட்டம். இந்த ஆட்டங்களை நிர்வகிப்பது 1906இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம். ஆண்டுதோறும் மார்ச்சில் அது நடத்தும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியை ஒளிபரப்ப, 2025 முதல் 2032 வரையிலான எட்டு ஆண்டுகளுக்கு மட்டும் 880 கோடி டாலர் பேசி 2016இல் கையெழுத்தானது.

இவ்வளவு பணம் புரளுகிற இடத்தில் ஓடி, குதித்து, மோதி, விழுந்து எழுகிறவருக்கு என்ன கிடைத்தது? படிப்பு, தங்கல், சாப்பாடு, புத்தகம். 2015க்குப் பிறகு கொஞ்சம் கைச்செலவுக் காசு. அவ்வளவுதான். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக் கோப்பையை வென்ற சமயத்தில் அந்த அணியின் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகளில் பட்டினியோடு படுக்கப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். நாடே பதறியது. உடனே கழகம் சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பயிற்சியாளர் கதை வேறு. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியபோது, ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்வதற்கு அல்ல, செய்யாமல் இருப்பதற்கு.

கடந்த சில ஆண்டுகளில் இந்த நிலைமை தலைகீழாகிவிட்டது என்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பணம் வருகிறது. நினைத்தபோது பல்கலைக்கழகம் மாறுகிறார்கள். 'பழைய தூய்மை போச்சு' என்று ஒரு தரப்பு அழுகிறது. 'விடுதலை வந்தாச்சு' என்று இன்னொரு தரப்பு கொண்டாடுகிறது. இரண்டு தரப்பும் பார்க்கத் தவறுகிற ஒன்று உண்டு. பணம் கொடுக்கலாம், ஊர் மாற விடலாம், படத்தை விற்க விடலாம். ஆனால் அவரைத் தொழிலாளி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நடந்த மாற்றங்கள் எல்லாம் இந்த ஒரு விலக்கைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

2

இந்த விலக்கின் வரலாறு ஒரு சொல்லில் தொடங்குகிறது. 'மாணவ வீரர்'. கேட்பதற்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ஆனால் இது இயல்பாக முளைத்த சொல் அல்ல, செய்யப்பட்ட சொல்.

டென்வர் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டக்காரர் எர்னஸ்ட் நெமத் பயிற்சியில் காயமடைந்து தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1953இல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்டத்தோடு சேர்த்தே அவருக்கு வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது, ஆகவே அவர் ஊழியர். பல்கலைக்கழகங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 1955இல் அதே மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி இழப்பீடு கேட்டபோது, கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை என்று சொல்லி 1957இல் அதே நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

இந்த வழக்குகளின் காலத்தில்தான் 'மாணவ வீரர்' என்கிற சொல் கழகத்தின் எல்லா விதிகளிலும் புகுத்தப்பட்டது. இதைச் சொன்னவர் எதிரி அல்ல; 1951 முதல் 1988 வரை கழகத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த வால்டர் பையர்ஸ். 1995இல் வெளியிட்ட தன் நூலில், ஆட்டக்காரர்களை ஊழியர்கள் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிடும் என்ற பயத்திலேயே இந்தச் சொல்லை உருவாக்கியதாக அவரே எழுதினார். தான் கட்டிக் காத்த அமைப்பில் பெருந்தோட்ட எஜமானர்களின் மனோபாவம் புதுவடிவில் இருப்பதாகவும் சொன்னார். கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும் கறுப்பின இளைஞர்களின் பங்கு, பல்கலைக்கழக மாணவர் தொகையில் அவர்களுடைய பங்கைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

கருத்தியல் தனிமனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே தன்னிலையாக மாற்றுகிறது என்று அல்தூசர் விளக்குவார். இங்கே கூப்பிடப்பட்ட பெயர் 'மாணவ வீரர்'. திரும்பிப் பார்த்த இளைஞர் தன்னை மாணவர் என்றும் வீரர் என்றும் நினைத்தார். தொழிலாளி என்று நினைக்கத் தோன்றவில்லை. 1974இல் ஓர் ஆட்டத்தில் கழுத்து முறிந்து உடம்பு செயலிழந்த டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக ஆட்டக்காரர் கென்ட் வால்ட்ரெப் 1990களில் இழப்பீடு கேட்டுப் போராடினார். 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன முடிவு: அவர் ஊழியர் அல்ல.

3

சரி, அப்படியென்றால் இப்போது பணம் எந்த வழியாக வந்தது? தொழிலாளர் சட்டத்தின் வாசல் சாத்திக் கிடந்ததால் சந்தைச் சட்டத்தின் வாசல் வழியாக வந்தது. இது முக்கியம்.

எட் ஓ'பானன் 1995இல் யு.சி.எல்.ஏ. அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பின்னாளில் ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே உயரம், அதே சட்டை எண், அதே இடதுகை. பெயர் மட்டும் இல்லை, காசும் இல்லை. 2009இல் வழக்குப் போட்டார். தொழிலாளியாக அல்ல, தன் உருவத்தின் உடைமையாளராக. ஏகபோகத் தடைச் சட்டத்தைக் கழகம் மீறுகிறது என்று 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் தீர்ப்பளித்தார். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கழகத்துக்கு எதிராக நின்றார்கள். கேட்கப்பட்டது கல்வி சார்ந்த சலுகைகள் மட்டும்தான். ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பு வேரையே அசைத்தது: சம்பளம் தராமல் இருப்பதுதான் எங்கள் சரக்கின் தனித்தன்மை என்று வேறெந்தத் தொழிலில் முதலாளிகள் கூடிப் பேசினாலும் சட்டம் அனுமதிக்காது என்பது அதன் சாரம்.

கலிஃபோர்னியா மாநிலம் 2019இலேயே இதற்குச் சட்டம் போட்டிருந்தது. 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விற்கக் கழகம் வழிவிட்டது. செருப்புக் கம்பெனி விளம்பரம் என்று ஆரம்பித்தது சீக்கிரமே வேறு ரூபம் எடுத்தது. பணக்கார ரசிகர்கள் கூட்டு நிதி திரட்டி, 'உருவத்துக்கான காசு' என்ற பெயரில் ஆட்டத்துக்கான காசைக் கொடுத்தார்கள். தரகர்கள் வந்தார்கள். வாய்மொழி வாக்குறுதிகளும் வந்தன. 2024 செப்டம்பரில் நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் அணி ஆடிய மூன்றிலும் வென்றிருந்த நேரத்தில் அதன் முன்னணி ஆட்டக்காரர் மேத்யூ ஸ்லூக்கா, சொன்னதைச் செய்யவில்லை என்று பாதியில் விலகினார். 1 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்றது அவர் தரப்பு. அப்படி முறையாக எதுவும் பேசப்படவில்லை என்றது மறுதரப்பு. கூலி பாக்கிக்கு ஒரு தொழிலாளி போய் நிற்க லேபர் ஆபீஸ் என்று ஓர் இடமாவது உண்டு. 'உருவம் விற்றவர்' எங்கே போய் நிற்பது?

அடுத்தது ஹவுஸ் வழக்கு. 2020இல் போடப்பட்ட இதில் 2025 ஜூன் 6 அன்று அதே வில்கன் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய பாக்கியாக 10 ஆண்டுகளில் ஏறக்குறைய 280 கோடி டாலர். 2025 ஜூலை 1 முதல், இதில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். இந்த வரம்பு எப்படி வந்தது? பெரிய பல்கலைக்கழகங்களின் குறிப்பிட்ட வருவாய்களின் சராசரியில் 22 சதவீதம். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஆட்டக்காரர்களின் பங்கு ஏறக்குறைய பாதி. அங்கேயும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அது தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேரம் பேசி வந்த வரம்பு. இங்கே சங்கம் இல்லை, வரம்பு மட்டும் இருக்கிறது.

4

இனி இடமாற்றம். முன்பெல்லாம் ஓர் ஆட்டக்காரர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக நினைத்தால், பயிற்சியாளரும் நிர்வாகமும் மனசு வைத்தால்தான் அங்கே உதவித்தொகை பற்றிப் பேசவே முடியும். கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் போன இடத்தில் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும். ஆனால் 1973இலிருந்து நீண்டகாலம் உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே. புதுப்பிப்பது அவர்கள் இஷ்டம். அதாவது நிர்வாகம் உன்னை ஆண்டுக்கு ஆண்டு கழற்றிவிடலாம். நீ மட்டும் கழன்றுகொள்ளக் கூடாது.

2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. போக விரும்புகிறவர் பெயர் கொடுத்தால் போதும், அனுமதி வேண்டியதில்லை. 2021இல் ஒருமுறை மாறினால் சும்மா உட்கார வேண்டாம் என்றார்கள். 2023 டிசம்பரில் சில மாநிலங்கள் தொடுத்த வழக்கில் மேற்கு வர்ஜீனிய நீதிமன்றம் தடை விதிக்க, 2024 ஏப்ரலில் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று.

'பசங்களுக்கு விசுவாசமே இல்லாமப் போச்சு' என்று புலம்புகிறவர்கள் அதே காலத்தில் பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன என்று பார்க்கட்டும். தொலைக்காட்சிப் பணத்துக்காக, நூறாண்டுக்கு மேல் பழமையான பசிபிக் கரைக் கூட்டமைப்பின் 12 உறுப்பினர்களில் 10 பேர் 2024இல் வெளியேறினார்கள். பசிபிக் கடலோரத்தில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. நாடு முழுக்கக் குறுக்கே பறந்துபோய் ஆடிவிட்டு வந்து பரீட்சை எழுத வேண்டியது மாணவர்கள். இதற்கு யாரும் அவர்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதில் இருப்பவர்கள் முன் உள்ள வழிகளை வெளியேற்றம், குரல் என்று பிரித்தார். இடமாற்றம் தந்திருப்பது வெளியேற்றம். அது சின்ன விஷயம் அல்ல. கொடுமைக்காரப் பயிற்சியாளரிடமிருந்து தப்பிக்க ஓர் இளைஞருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் வெளியேற்றம் தனித்தனியாக நடப்பது. குரல் சேர்ந்து எழுப்புவது. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறுகிற அணியில் யார் யாரோடு சேர்ந்து எதைக் கேட்பது? கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. வேண்டாதவரைப் 'போர்ட்டலில் பேர் குடுத்துடு' என்று பயிற்சியாளரே தள்ளிவிடலாம். பெயர் கொடுத்த எல்லோருக்கும் வேறு இடம் கிடைப்பதும் இல்லை.

இப்போது நிர்வாகங்கள் ஆட்களைக் கட்டிவைக்கப் பார்க்கின்றன. தன்னோடு இரண்டாண்டு ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டது என்று மயாமி பல்கலைக்கழகத்தின்மேல் 2025 ஜூனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. யோசித்துப் பாருங்கள்: அந்த ஒப்பந்தம் பெயருக்கும் உருவத்துக்குமான உரிமை பற்றியது. படத்தை மட்டும் வாங்கினவர் ஆளை ஏன் கட்டிவைக்க வேண்டும்? வாங்கியது உழைப்பு என்பதை மறைக்கப் போட்ட திரை இந்த இடத்தில் கிழிகிறது.

5

தொழிலாளி என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் கேட்டார்கள். அவர்கள் ஊழியர்களே என்று தொழிலுறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் சொன்னார். 2015 ஆகஸ்டில் மேல்வாரியம் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. வாரியத்தின் அதிகாரம் தனியார் நிறுவனங்களுக்கு மட்டும். எதிரே ஆடுகிற அணிகள் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்கள். ஆகவே தலையிட்டால் குழப்பம் என்பது காரணம். 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணி 13க்கு 2 என்று சங்கத்துக்கு வாக்களித்தது. கல்லூரி பேச மறுத்தது. ஆட்சி மாறி வாரியமும் மாறப்போகிறது என்று தெரிந்ததும், பாதகமான முன்னுதாரணம் ஏற்படக் கூடாதென்று அந்த ஆண்டின் கடைசி நாளில் மனு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அறிமுகமான 'ஸ்கோர்' மசோதா, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து கழகத்துக்குப் பாதுகாப்புக் கேட்டது. ஆட்டக்காரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்பதையும் அதே மூச்சில் கேட்டது. இரண்டு கோரிக்கையும் ஒரே தாளில் இருப்பது தற்செயல் அல்ல.

பெண்கள் நிலை? ஹவுஸ் சமரசத்தின் பழைய பாக்கிப் பணத்தில் மிகப் பெரும்பகுதி ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகும்படி கணக்கிடப்பட்டது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது முரண் என்று 2025 ஜூனிலேயே சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். சந்தை விலைப்படிதான் பங்கு என்பது நிர்வாகத்தின் வாதம். பெண்கள் ஆட்டத்தைப் பல பத்தாண்டுகள் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு 'பார்க்க ஆளில்லை' என்று விலை குறைப்பது எந்தச் சந்தை நியாயம்? இதே சமரசத்தில் வந்த அணி எண்ணிக்கை வரம்பால், உதவித்தொகையே இல்லாமல் ஆடிவந்தவர்கள் பலர் இடமிழந்தார்கள். வெளிநாட்டு மாணவர் நிலை இன்னும் மோசம். எஃப்-1 விசாவில் இருப்பவர் வேலை செய்து சம்பாதிக்கத் தடைகள் உண்டு. பக்கத்தில் ஆடுகிறவர் வாங்குவதை இவர் வாங்கத் தயங்க வேண்டும்.

'ஊழியர் என்றால் வரி கட்டணும், வேலையை விட்டுத் தூக்கலாம், சின்னக் கல்லூரிகள் தாங்காது' என்பார்கள். வரி இப்போதும் உண்டு. தூக்குவது எப்போதும் உண்டு. சின்னக் கல்லூரிகளின் கஷ்டம் நிஜம்தான். ஆனால் அதைக் காட்டிப் பெரிய பல்கலைக்கழகங்கள் தப்பிப்பதற்கு அது நியாயம் ஆகாது. ஆட்டக்காரர்களிலேயே ஊழியர் பட்டம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதையும் அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும் என்பதுதான் இங்கே கோரிக்கையே.

உழைப்பை விற்கச் சுதந்திரம், விற்பதற்கு வேறெதுவும் இல்லாத சுதந்திரம் என்று தொழிலாளியின் இரட்டைச் சுதந்திரத்தை மார்க்ஸ் கேலியாகச் சொன்னார். கல்லூரி ஆட்டக்காரருக்குக் கிடைத்திருப்பது அதிலும் ஒருபடி குறைந்த சுதந்திரம். அவர் உழைப்பை விற்கிறார். ஆனால் விற்பது உழைப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2024 ஆகஸ்ட் முதல், ஆட்டத்தை விட்ட பிறகும் இரண்டாண்டு வரை விளையாட்டுக் காயங்களுக்குக் கழகம் காப்பீடு தருகிறது. நல்லது. மூளையில் விழுந்த அடிகள் தம் வேலையைக் காட்ட இருபது முப்பது ஆண்டு ஆகுமே, அதற்கு? கழகம் மனமிரங்கித் தருவதைக் கழகமே நாளைக்கு நிறுத்தலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது.

ஆகவே இந்த மாற்றத்தை அளக்க, யாருக்கு எத்தனை கோடி என்கிற பட்டியல் உதவாது. கூலியின் அளவை யார் தீர்மானிப்பது, உடம்பு முறிந்தால் யார் பொறுப்பு, பேரம் பேசும் மேசையில் ஆட்டக்காரருக்கு நாற்காலி உண்டா என்று கேட்க வேண்டும். நட்சத்திரங்கள் தரகர் வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். பெயர் தெரியாத மற்றவர்களுக்கு, ரே டென்னிசனின் மனைவி கேட்ட கேள்விக்கு 1957இல் கிடைத்த பதில்தான் இன்னமும் பெரும்பாலும் கிடைக்கிறது.