இது வேற எம்.பி.பி.எஸ்.!

ஊருக்குப் போனால், "ஏம்ப்பா, எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று துக்கம் விசாரிக்கும் மாமாக்களுக்குப் பயந்து இன்ஜினீயரிங் பக்கம் ஒதுங்கியவரா நீங்கள்? இங்கேயும் உங்களுக்காக ஒரு எம்.பி.பி.எஸ். காத்திருக்கு பாஸ்! மெகா பிட்ஸ் பெர் செகண்ட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒண்ணேதான். ஆனால், இந்த எம்.பி.பி.எஸ். சரியாகப் புரியாததால்தான் பாதிப் பேர் மாசாமாசம் டென்ஷன் ஆகிறார்கள்.

மறைமலைநகர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். காலையில் ஒருத்தர் பொத்தேரி, ஒருத்தர் செங்கல்பட்டு, ஒருத்தர் தாம்பரம் என்று எலெக்ட்ரிக் டிரெயினில் பிரிகிற கோஷ்டி. ராத்திரி ஒண்ணு சேர்ந்தால் நெட் வேணுமே! ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு 40 எம்.பி.பி.எஸ். கனெக்‌ஷன் வாங்குகிறீர்கள். முதல் வேலையாக 4.5 ஜி.பி. சைஸில் ஒரு கேம் டவுன்லோடு. "ரெண்டே நிமிஷம்தான் மச்சி!" என்று ஒருத்தர் கணக்குச் சொல்கிறார். ஸ்க்ரீனில் ஓடுவதோ வெறும் 4.5. பதினாறு நிமிஷம் ஆகிறது. "ஏமாத்திட்டாங்கடா!" என்று கஸ்டமர் கேருக்குப் போன் பறக்கிறது.

ஒரு நிமிஷம்... போனைக் கீழே வைங்க. உங்களை யாரும் ஏமாத்தலை.

சின்ன 'பி', பெரிய 'பி'

தமிழில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்ற தொல்லையே கிடையாது. தனித்தமிழுக்காகப் பாடுபட்ட மறைமலை அடிகள் பெயரில் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு இங்கிலீஷ் எழுத்தால் குழம்பலாமா? விளம்பரத்தில் இருப்பது சின்ன 'பி', அதாவது பிட். டவுன்லோடு ஸ்க்ரீனில் இருப்பது பெரிய 'பி', அதாவது பைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

புரியலைன்னா வீட்டில் பாட்டியைக் கேளுங்க. அந்தக் காலத்தில் சென்னை, செங்கல்பட்டு பக்கமெல்லாம் 8 ஆழாக்கு போட்டால்தான் ஒரு படி. கடையில் 40 ஆழாக்கு அரிசி வாங்கிவந்து, வீட்டில் படியால் அளந்து, "அஞ்சுதானே இருக்கு?" என்று சண்டைக்குப் போனால் கடைக்காரர் சிரிக்க மாட்டாரா? 40 மெகாபிட்டும் 5 மெகாபைட்டும் அதே கதைதான்.

மீதி அரை எங்கே?

"சரி, 5 வரணுமே... ஏன் 4.5?" நல்ல கேள்வி! முதல் காரணம், பார்சல் செலவு. டேட்டா சும்மா போகாது. பாக்கெட் பாக்கெட்டாக, மேலே அட்ரஸ் எழுதித்தான் போகும். ஈதர்நெட்டில் 1,460 பைட் சரக்கை அனுப்ப, லைனில் 1,538 பைட் இடம் வேண்டும். 5 சதவிகிதம் அங்கேயே காலி. மிச்சம் 4.75.

இரண்டாவது, நெட்வொர்க்காரர்களுக்கு கிலோ என்றால் 1,000. பல கம்ப்யூட்டர்களுக்கோ அது 1,024, மெகா 10,48,576. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-ல் ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தர அமைப்பு 1,024 கணக்குக்கு கிபி, மெபி என்று தனிப் பெயரே வைத்தது (சரித்திரப் பாடத்து கி.பி. இல்லைங்க!). பெயர் வந்தும் பழக்கம் போகவில்லை. 4.75-ஐ அந்தக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள்... 4.53. ஸ்க்ரீன் நம்பர் வந்துடுச்சா?

எல்லாம் டெலிபோன் செய்த வேலை

நெட் வேகத்தை ஏன் பிட்டில் சொல்கிறார்கள்? டிஜிட்டல் டெலிபோனில் உங்கள் குரலை செகண்டுக்கு 8,000 தடவை சாம்பிள் எடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக அனுப்புவார்கள். பெருக்கினால் 64 கே.பி.பி.எஸ். அப்படி 32 சேனலைச் சேர்த்துக் கட்டினால் 2.048 எம்.பி.பி.எஸ். இதுதான் ஈ1 லைன். இன்டர்வியூவில் "ஏன் 2.048?" என்று கேட்டால், "1,024-ஐ ரெண்டால பெருக்கினது சார்" என்று உளறிடாதீங்க. 32 தடவை 64 என்று சொல்லுங்க!

இதே கணக்குதான் நம்ம கடற்கரையிலிருந்து அந்தமான் வரைக்கும். அதுவரை சாட்டிலைட்டையே நம்பியிருந்த தீவுகளுக்கு, சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடி கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி திறந்தார்கள். போர்ட் பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆன அதே ஊர்தான்) வரைக்கும் 400 ஜி.பி.பி.எஸ். எட்டால் வகுத்தால் செகண்டுக்கு 50 ஜி.பி. உங்கள் கேம் மாதிரி பதினோரு கேம், ஒரே செகண்டில்!

எப்போ சண்டை போடலாம்?

ஸ்க்ரீன் நம்பரை 8-ஆல் பெருக்குங்கள். 4.5 என்றால் 36. விட்டுடுங்க, அது நியாயமான கணக்கு. 1.2 என்றால்? 10 கூட இல்லை! வைஃபையை விட்டுவிட்டு கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். மற்ற மூன்று பேர் போனிலும் நெட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். அப்போதும் அதே நிலைமை என்றால்... இப்போ எடுங்க போனை! "நெட் ஸ்லோவா இருக்கு சார்" என்று புலம்பாமல், "40-க்குக் காசு கட்டினேன், 10 கூட வரலை" என்று சொல்லுங்கள். நம்பருக்கு மரியாதையே தனி!

'பிராட்பேண்ட்' என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 2004-ல் அரசு சொன்ன பிராட்பேண்ட் 256 கே.பி.பி.எஸ். 4 எம்.பி. பாட்டு இறங்கவே இரண்டு நிமிஷம். 2013-ல் 512 ஆச்சு. 2023-ல் 2 எம்.பி.பி.எஸ். வகுத்துப் பார்த்தால், அதுவும் கால் மெகாபைட்தான்!

பாக்கெட் ஃபார்முலா

* பிட்டை பைட் ஆக்க 8-ஆல் வகுக்கவும். பைட்டை பிட் ஆக்க 8-ஆல் பெருக்கவும்.
* ஸ்க்ரீனில் என்ன வரும் என்று சட்டென்று தெரியணுமா? 9-ஆல் வகுங்கள். 100 எம்.பி.பி.எஸ். என்றால் 11 சொச்சம்.
* தினம் 2 ஜி.பி. டேட்டா பேக்கா? 40 எம்.பி.பி.எஸ். முழு வேகத்தில் இழுத்தால் சுமார் ஏழே நிமிஷத்தில் காலி. உஷார்!

அடுத்த தடவை மாமா, "எம்.பி.பி.எஸ்.ஸா?" என்று கேட்டால் தயங்காதீங்க. "ஆமா மாமா, 40!"