கஜா வர்றான், ஓரமா நில்லுங்க!

வாங்க, இந்தப் பக்கம். முன்வாசல் வழியே போனால் தலைமை ஆசிரியர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மரியாதையாக உட்கார வைத்துவிடுவார். அப்புறம் மேடையை மட்டும்தான் பார்க்க முடியும். நமக்கு வேண்டியது அதற்குப் பின்னால் நடக்கிற கூத்து! சைக்கிள் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு அந்த ஏழாம் வகுப்புக்குள் நுழைந்துவிடலாம். காலைப் பார்த்து வையுங்கள், கீழே ஒரு நண்டு காய்ந்துகொண்டிருக்கிறது.

அட்டை நண்டுதான். பெயின்ட் இன்னும் ஈரம்.

முத்துப்பேட்டை வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளி, 2025 ஆகஸ்ட் கடைசி. அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை. பெஞ்சுகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பவுடர் டப்பா, ஊக்குக் குவியல், சாயம் போன மூன்று புடவை, யாரோ பாதி கடித்து வைத்த கடலை மிட்டாய். உள்ளே அடுப்படிப் புழுக்கம். ஆனாலும் மின்விசிறி போடக் கூடாதாம், காகித இலையெல்லாம் பறந்துவிடுமாம். கண்மையில் வரைந்த மீசைகள் வியர்வையில் கரைந்து தாடியாக இறங்கிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஆண்டு கலைத் திருவிழாவின் மையக்கருத்து ‘பசுமையும் பாரம்பரியமும்’. முத்துப்பேட்டைப் பிள்ளைகளுக்கு அதைத் தேடி அலைய வேண்டுமா என்ன? ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் அலையாத்திக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு பேர் மரம். பழைய நாளிதழைக் கூம்பாகச் சுருட்டி அவர்கள் காலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். சேற்றுக்கு மேலே முளைத்து நிற்கிற மூச்சு வேர்களாம் அவை. மூன்று பெண்கள் பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு. கோரையாற்றின் தோளில் நிஜமான மீன்வலை.

“தொடாதீங்க சார், எங்க வாப்பாவோட வலை. கிழிஞ்சா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க” என்கிறாள். வலையிலிருந்து வரும் வாடைக்குப் பாமணியாறு இரண்டடி தள்ளியே நிற்கிறது.

இதோ நாயகன். 2018 நவம்பர் 16 அன்று கரையேறி இந்தக் காட்டைச் சிதைத்துப்போட்ட கஜா புயல். போர்வை போர்த்திய எட்டாம் வகுப்புப் பையன். ஓடிவந்து ஒரு சுற்றுச் சுற்றியதில் மரங்களோடு நண்டும் சாய்ந்தது.

“டேய் கஜா! மெதுவா வாடா. நீ வர்றதுக்கு முன்னாடியே மரமெல்லாம் விழுந்து கிடக்கு!”

“அவன் உதைக்கிறான் டீச்சர்.”

“புயல்னா உதைக்கத்தான் செய்யும். நீ வளையணும். அப்புறம் எழுந்து நிக்கணும். அதுதானே கதை!”

பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடும் அந்த ஓவிய ஆசிரியை பகுதிநேரப் பணியில் இருப்பவர். 2012-ல் மாநிலம் முழுக்க மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பதினாறாயிரத்துச் சொச்சம் ஓவிய, கைத்தொழில், உடற்கல்வி ஆசிரியர்களில் ஒருவர். இவர்களை அமர்த்தியது மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் கல்வித் திட்டம். கலைத் திருவிழாவை நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் அதே வழி வந்ததுதான். அதில் மத்திய அரசின் பங்கு நூற்றுக்கு 60. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் அதில்தான் பணம்: ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை. செடி வாங்க, காட்டைப் பார்க்கக் கூட்டிப்போக, இந்த மாதிரி நண்டு செய்ய.

டீச்சரின் கைபேசி ஊக்குக் குவியலுக்கு மேல் கிடக்கிறது. திரையில் திருவள்ளூர் எம்.பி. சசிகாந்த் செந்தில். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தவர், ஆகஸ்ட் 29 அன்று உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் சேர்த்த பிறகும் விடவில்லை. கேட்பது இந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியைத்தான். 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் அந்த ஆகஸ்ட் வரை வரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்றது மத்திய அரசு. அந்தக் கொள்கை சொல்லும் மும்மொழி வேண்டாம், கையெழுத்தும் கிடையாது என்றது மாநில அரசு. ஒரு திட்டத்தில் சேராததற்கு இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதை ஏற்கவில்லை.

2025 மார்ச் 10 அன்று மக்களவையில் தி.மு.க. எம்.பி. தமிழச்சி தங்கபாண்டியன் இதைப் பற்றிக் கேள்வி எழுப்ப, கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதிலில் ஒரு சொல் தடித்துவிட, அதே கட்சியின் கனிமொழி எதிர்ப்புத் தெரிவிக்க, அமைச்சர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றார். மறுநாள் தி.மு.க. எம்.பி.க்கள் கறுப்பு உடையில் வந்தார்கள். மே மாதம் மாநில அரசு இந்த நிதிக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே மே மாதம் அமெரிக்காவில் தேசியக் கலை நிதியம் சின்னச் சின்ன நாடகக் குழுக்களுக்கெல்லாம் மானியம் ரத்து என்று மின்னஞ்சல் அனுப்ப, அங்கேயும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கொதித்தார்கள். சாக்குத்துணி மரம் கட்டுகிறவர்கள் தலையில்தான் எல்லா ஊரிலும் முதலில் கை வைக்கிறார்கள் போல.

“2,152 கோடியில எங்க பங்கு இந்த நண்டுதான் சார்” என்று டீச்சர் சிரிக்கிறார். அட்டை, மளிகைக் கடையில் கேட்டு வாங்கியது. பெயின்ட் அவர் கைக்காசு. பச்சைப் புடவை ஒரு மாணவியின் உம்மா கொடுத்துவிட்டது, மாலைக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

வெளியே வாங்க, புகை வருகிறது. பயப்படாதீங்க! வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சுகிறார்கள். ஒரு பொடியன் தோலைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, மறுபடி தீயில் காட்டுகிறான். மூன்றாவது தட்டில் ‘டண்’ என்று தெறித்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளி மணி ஒலித்ததாக நினைத்து மூன்றாம் வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவர்களை உள்ளே அனுப்புவதற்குள் ஒரு வாத்தியாருக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

இவர்கள் ஜெயித்தால் குறுவள மையம், வட்டாரம், மாவட்டம், அப்புறம் மாநிலம். அங்கேயும் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். “பட்டம் கிடைச்சா எம்.பி. வருவாரா டீச்சர்?” என்று ஒரு மூச்சுவேர் கேட்கிறது. “முதல்ல நீ நேரா நில்லு, எம்.பி.யைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

இதற்குள் கிளைதாங்கியாற்றுக்குப் பசி வந்து, புடவையைப் போட்டுவிட்டுச் சத்துணவு வரிசைக்கு ஓடிவிட்டது. டீச்சர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார்.

“சார், சும்மாதானே நிக்கிறீங்க? இந்த முனையைப் பிடிங்க. கடலுக்குப் போற ஆறு, அலை அலையா வரணும்.”

பிடித்தேன், ஆட்டினேன். கோரையாறு இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆறு இப்படியா சார் ஓடும்? நீங்க துணி உதறுறீங்க!”

மூலையில் கஜா போர்வையைச் சரிசெய்துகொண்டு ஓட்டத்துக்குத் தயாராகிறான். கொஞ்சம் ஓரமா நில்லுங்க.