விசையும் அடக்கமும்

அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் எறியும் பந்து தரையில் படாமல் நேரே மட்டையாளரை நோக்கி வரும். மும்முறை அதனைத் தவறவிட்டவர் ஆட்டமிழப்பார். ஆகவே பந்தெறிபவரே அணியின் முதல் அரண்.

அத்தகையோருள் சாண்டி கோஃபாக்ஸின் வரலாறு, நெடுங்காலம் ஆசிரியனாயிருந்த என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வதாகும். 1955ஆம் ஆண்டில், தம் 19ஆம் வயதில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஆடத் தொடங்கிய அவரிடம் வேகம் மிகுதி, குறி குறைவு. முதல் ஆறு ஆண்டுகளில் அவர் பெற்றவை 36 வெற்றிகளும் 40 தோல்விகளும்.

1961ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில், அவர் எறியும் பந்தைப் பிடிப்பவரான நார்ம் ஷெர்ரி, விசையைச் சற்றே குறைக்குமாறு அறிவுறுத்தினார். தசை இறுகினால் கை எண்ணிய வழியே செல்லாது. தளர்ந்திருந்தால் வேகம் அதிகம் குன்றாமலே குறி வாய்க்கும். அவ்வாண்டே 18 வெற்றிகள் கிட்டின. 1965 செப்டம்பர் 9ஆம் நாள், சிகாகோ கப்ஸ் அணியினர் 27 முறை மட்டை பிடித்தும் ஒருவரேனும் முதல் தளத்தை அடையவில்லை.

அதற்குள் இடது முழங்கையை மூட்டுவாதம் பற்றிக்கொண்டது. 1966இல் 27 வெற்றிகள் பெற்ற அவர், அந்நவம்பரிலேயே, தம் 30ஆம் வயதில், ஆட்டத்தைத் துறந்தார். எஞ்சிய வாழ்நாளில் கை பயன்படவேண்டும் என்பதே அவர் கருத்து. 1972இல் பேஸ்பால் புகழ்மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது.

ஆற்றலைப் பெறுவது ஒரு கல்வி. அதனை அளந்து செலவிடுவது மற்றொரு கல்வி. இரண்டாவதைப் பயில்வோர் மிகச் சிலரே.