சாதனம் பழுதா, பதிவு இல்லையா?

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "வைஃபை அடாப்டர் 5. இயங்குபவை 3. பழுது 2." அதில் 'பழுது' என்ற சொல்லைப் பின்னர் அடித்துத் திருத்தியதும் நான்தான். அந்தத் திருத்தத்துக்குக் காரணம் ஒரு மாணவன் கேட்ட கேள்வி.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்துக்காக ஆய்வகத்தில் சில கணினிகளில் உபுண்டு நிறுவியிருக்கிறோம். அவற்றுக்கு இணைய இணைப்புத் தர, யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர்கள் ஐந்து வாங்கினோம். ஐந்துக்கும் ஒரே நிறம், ஒரே உறை, ஒரே பெயர். மூன்று, செருகியதும் வேலை செய்தன. இரண்டு வேலை செய்யவில்லை. அந்த இரண்டையும் செருகியவன் ஒரே மாணவன். "கீழே போட்டாயா? அழுத்திச் செருகினாயா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். "இல்லை மிஸ்" என்றான். நான் நம்பவில்லை.

மறுவாரம் அவனே என்னிடம் வந்தான். செருகியுள்ள யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையை இயக்கிப் பார்த்திருக்கிறான். "மிஸ், அந்த ரெண்டும் பட்டியல்ல வருது. மத்த மூணுக்கும் ஒரு நம்பர், இதுக்கு வேற நம்பர். கெட்டுப்போன அடாப்டர் எப்படி மிஸ் நம்பர் சொல்லும்?"

என்னிடம் பதில் இல்லை. "கணினிக்குள் எல்லாச் சாதனங்களுக்குமான இயக்கிகள் இருக்கும், தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்" என்றுதான் அதுவரை நான் சொல்லித் தந்திருந்தேன். 'தானாக' என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை அன்றுதான் படிக்கத் தொடங்கினேன்.

சாதனம் தன்னை அறிமுகப்படுத்துகிறது

இயக்க அமைப்பின் உள்மையமாக இருக்கும் நிரல் கெர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் உபுண்டுவிலும் நம் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இயங்குகிறது.

யுஎஸ்பி சாதனம் ஒன்றைச் செருகியதும் கெர்னல் அதற்கு 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்றை முகவரியாகத் தருகிறது. பிறகு அதன் விவரங்களைக் கேட்கிறது. சாதனம் தனக்குள் பதிந்துள்ள எண்களை அனுப்புகிறது. அவற்றில் மூன்று முக்கியமானவை: தயாரிப்பாளர் எண், பொருள் எண், வகை எண். வகை எண் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் 03, அச்சுப்பொறிக்கு 07, பென்டிரைவுக்கு 08.

ஆக, ஒரு சாதனம் பட்டியலில் தன் எண்களோடு தோன்றுகிறது என்றால், அதற்கு மின்சாரம் கிடைக்கிறது, கேட்ட கேள்விக்கு அது பதிலும் சொல்கிறது. என் மாணவன் பிடித்துக்கொண்ட இடம் இதுதான்.

இயக்கி முதலில் அறிவிக்கிறது

இனி மறுபக்கம். சாதனத்தை வேலை வாங்கும் நிரல்தான் சாதன இயக்கி. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் தலைமையாசிரியரிடம் படிவம் ஒன்றை நிரப்பித் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் யுஎஸ்பி இயக்கி தரும் படிவத்தில் நான்கு விவரங்கள் அவசியம்:

1. இயக்கியின் பெயர்.
2. எந்தெந்தச் சாதனங்களைக் கவனிக்க முடியும் என்ற எண் பட்டியல்.
3. பட்டியலில் உள்ள சாதனம் வந்தால் அழைக்க வேண்டிய செயற்கூறு. இதற்குப் பெயர் புரோப்.
4. சாதனம் போய்விட்டால் அழைக்க வேண்டிய செயற்கூறு. இதற்குப் பெயர் டிஸ்கனெக்ட்.

எண் பட்டியலை இரண்டு விதமாக எழுதலாம். பென்டிரைவ் இயக்கி வகையைக் குறிப்பிடுகிறது: வகை 08, உள்வகை 06, நெறிமுறை 50. இந்த மூன்றும் பொருந்தினால் எந்த நிறுவனத்தின் பென்டிரைவாக இருந்தாலும் போதும். ஆனால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர்களில் பெரும்பாலானவை பொது வகை எதிலும் சேராதவை. அதனால் அவற்றின் இயக்கி தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் இணையிணையாகப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு சாதனம்தான்.

பிறகு பதிவு செய்கிறது

படிவத்தை நிரப்பிப் பையிலேயே வைத்திருந்தால் பயனில்லை அல்லவா? இயக்கி நினைவகத்தில் ஏறியதும் முதல் வேலையாகக் கெர்னலின் பதிவுச் செயற்கூறை அழைத்துப் படிவத்தை ஒப்படைக்கிறது. கெர்னல் அதை யுஎஸ்பி இயக்கிகளின் வரிசையில் சேர்க்கிறது. அதன்பின் இயக்கி சாதனத்தைத் தேடிப் போவதில்லை. அழைப்புக்காகக் காத்திருக்கிறது.

பொருத்திப் பார்ப்பது கெர்னலின் வேலை, அதுவும் இரு திசையிலும். புதிய இயக்கி பதிந்ததும், ஏற்கெனவே செருகியுள்ள சாதனங்களில் அதற்குரியது உண்டா என்று பார்க்கிறது. புதிய சாதனம் வந்ததும், ஏற்கெனவே பதிந்துள்ள இயக்கிகளில் அதற்குரியது உண்டா என்று பார்க்கிறது. ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழோடு ஒரு மாணவர் வந்தால், தலைமையாசிரியர் எந்த வகுப்பாசிரியரிடம் அனுப்பலாம் என்று பார்ப்பதைப் போன்றது இது.

எண் பொருந்தினால் கெர்னல் அந்த இயக்கியின் புரோப் செயற்கூறை அழைக்கிறது. இயக்கி சாதனத்தைச் சோதித்து, ஏற்றுக்கொண்டால் 0 என்ற மதிப்பைத் திருப்பித் தருகிறது. எதிர்மறை மதிப்பைத் தந்தால் 'என்னால் இயலாது' என்று பொருள். "இது என் சாதனம் அல்ல" என்று இயக்கி சொல்லிவிட்டால், பொருந்தும் வேறு இயக்கி உண்டா என்று கெர்னல் தொடர்ந்து பார்க்கிறது.

ஆயிரக்கணக்கான இயக்கிகளும் எப்போதுமே நினைவகத்தில் ஏறியிருப்பதில்லை. பல இயக்கிகள் வட்டில் மாட்யூல்களாகத் தூங்குகின்றன. அவற்றின் எண் பட்டியல்களைத் திரட்டி ஒரே கோப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். சாதனம் வந்ததும் அந்தக் கோப்பைப் பார்த்து உரிய மாட்யூல் மட்டும் ஏற்றப்படுகிறது. நாம் 'தானாக' என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

விடைபெறும்போதும் பதிவு நீக்கம்

இயக்கியை நினைவகத்திலிருந்து இறக்கும்போது அது தன் பதிவை நீக்கிவிட்டே போக வேண்டும். அப்போது அது கவனித்துவந்த ஒவ்வொரு சாதனத்துக்கும் டிஸ்கனெக்ட் அழைக்கப்படுகிறது. பதிவை நீக்காமல் போய்விட்டால், இல்லாத நிரலின் முகவரி கெர்னலின் பட்டியலில் அப்படியே இருக்கும். அடுத்த சாதனம் வரும்போது கெர்னல் அந்த வெற்றிடத்தை அழைக்கும். கணினியே நிலைகுலையக்கூடும். பதிவும் பதிவு நீக்கமும் எப்போதும் இணையாகவே எழுதப்படுவது இதனால்தான்.

எங்கள் இரண்டு அடாப்டர்கள்

அந்த இரண்டின் எண்ணை இணையத்தில் தேடினோம். உள்ளே இருந்தது மற்ற மூன்றில் உள்ள அதே சில்லுதான். பொருள் எண் மட்டும் புதிது. எங்கள் கணினியில் இருந்த பழைய கெர்னலின் இயக்கியில் அந்த எண் இல்லை. ஓடுகிற கெர்னலிலேயே ஓர் இயக்கியின் பட்டியலில் புதிய எண்ணைச் சேர்க்க லினக்ஸில் வழி உண்டு. நிர்வாகி அனுமதியோடு, அந்த இயக்கிக்கு உரிய 'நியூ ஐடி' என்ற கோப்பில் இரண்டு எண்களையும் எழுத வேண்டும். மாணவன் எழுதினான். சில நொடிகளில் அடாப்டரின் விளக்கு எரிந்தது.

கணினியை அணைத்துப் போட்டால் இந்தச் சேர்க்கை மறைந்துவிடும். சில்லு வேறாக இருந்தால் இந்த வழி உதவாது. எங்களுக்கு நிலையான தீர்வு, உபுண்டுவைப் புதுப்பித்தபோது கிடைத்தது.

எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கேட்டிருந்தேன். அதனால் அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், "தவறு உன்னுடையது அல்ல, நான் பார்க்காமல் சொன்னது" என்றேன். பதிவேட்டைத் திருத்தியதும் அன்றுதான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இதைத் தொடக்க வகுப்பிலும் விளையாடலாம். நான்கு குழந்தைகள் 'இயக்கிகள்'. ஒருவர் அட்டையில் "08 வகை எல்லாம்" என்றும், மற்றவர்கள் அட்டையில் சில இணை எண்களும் எழுதியிருக்கட்டும். ஒரு குழந்தை 'கெர்னல்'. அட்டைகளை அதனிடம் கொடுப்பதே பதிவு. மற்றவர்கள் எண் சீட்டோடு ஒவ்வொருவராக வரட்டும். கெர்னல் அட்டைகளைப் பார்த்து உரியவரிடம் அனுப்பட்டும். நடுவில், எந்த அட்டையிலும் இல்லாத எண்ணோடு ஒரு குழந்தையை அனுப்புங்கள். "இவரிடம் ஏதாவது குறை உண்டா?" என்று கேளுங்கள்.

"இல்லை, அட்டையில்தான் எழுதவில்லை" என்று குழந்தைகளே சொல்வார்கள். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.