சூடேற்றிய தலையும் ஹெல்மெட்டும்

ஹெல்மெட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது உள்பக்கத்தை. வெளியே எத்தனை துளை இருந்தாலும், உள்ளே அவற்றை இணைக்கும் பள்ளங்கள் இல்லையென்றால் காற்று தலையைத் தொடாது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் எம்பா ஆய்வகம் இந்தக் காற்றோட்டத்தைச் சைக்கிள் ஹெல்மெட்டுகளில் அளந்தது. தலை போன்ற உருவை மின்சாரத்தால் 35 டிகிரி செல்சியஸில் வைத்து, ஹெல்மெட் மாட்டி, முன்னாலிருந்து காற்றைச் செலுத்துவார்கள். காற்று வெப்பத்தை எடுத்துப்போகப் போக, அதே சூட்டைக் காக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அந்த வாட் கணக்குதான் காற்றோட்டத்தின் அளவு. தலையைச் சற்றுக் குனிய வைத்தாலே எண் மாறும். பொய்முடி வைத்தால் குறையும்.

நம் சித்திரை வெயிலில் காற்றே 38 டிகிரியைத் தாண்டும். அப்போது வியர்வை உலர்வதுதான் தலையைக் குளிர்விக்கும். ஆகவே ஈரம் கசியும் தலையுருவிலும் சோதிக்க வேண்டும். பைக் ஹெல்மெட்டின் விலைச்சீட்டிலேயே அந்த வாட் எண் இருக்கட்டும். வெக்கை தாளாமல் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்கின்மேல் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு, அபராதத்தைவிட அது உதவும்.