தன்னையே ஈந்த கண்ணாடி

தன் மார்பைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்குக் குருதியூட்டும் பெலிக்கன் பறவையின் உருவத்தை நம் ஆலயங்கள் சிலவற்றில் நாம் கண்டிருக்கிறோம். அப்பறவையின் பெயரைத் தாங்கிய கண்ணாடிக் கலம் ஒன்றும் முற்காலத்தில் இருந்தது. இரசவாதிகள் கையாண்ட அக்கலத்தின் தலையிலிருந்து இரு குழாய்கள் வளைந்து இறங்கி, அதன் வயிற்றிலேயே வந்து சேரும். அலகை மார்பில் ஊன்றிய பறவையின் தோற்றம் அது. உள்ளே காயும் நீர் ஆவியாய் மேலெழுந்து, குளிர்ந்து, குழாய் வழியே மீண்டும் அடிக்கே வரும்.

நீரை நெடுநாள் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று அந்நாளில் அறிஞர் பலரும் நம்பினர். பன்முறை வடித்த நீரைக் கண்ணாடிக் கலத்தில் காய்ச்சினாலும் சிறிது மண்டி தங்கவே செய்தது. கண்ணால் கண்டதை எவர் மறுப்பார்?

பிரெஞ்சு அறிஞர் அந்துவான் லவாய்சியர் அதை ஆராயத் துணிந்தார். அப்போது அவருக்கு வயது 25. தூய மழைநீரை எட்டு முறை வடித்தார். வெறும் பெலிக்கன் கலத்தையும், பின்னர் நீருடன் அதனையும் நுண்ணிய தராசில் நிறுத்தார். கலத்தை மூடி, 1768 அக்டோபர் 24 முதல் 101 நாள்கள், கொதிக்க விடாமல் இளஞ்சூட்டிலேயே வைத்திருந்தார். நாளடைவில் நீரில் மண் துகள்கள் தோன்றின. ஆயினும் கலமும் நீரும் சேர்ந்த நிறை மாறவில்லை.

பின்பு நீரை வடித்துவிட்டு, உலர்ந்த கலத்தை மட்டும் நிறுத்தார். அது ஏறத்தாழ 17 கிரெயின், அதாவது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, எடை இழந்திருந்தது! துகள்களையும், நீர் வற்றியபின் எஞ்சிய மண்டியையும் சேர்த்தபோது கிடைத்தது ஏறத்தாழ 20 கிரெயின். இடைப்பட்ட மூன்று கிரெயின் வேறுபாட்டை அவர் மறைத்தாரில்லை. அதையும் எழுதி வைத்தார். நீர் மண்ணாகவில்லை, கண்ணாடியே கரைந்து மண்டியாயிற்று. பெலிக்கன் என்னும் பெயருக்கேற்ப, அக்கலம் தன் உடலிலிருந்தே ஈந்திருந்தது.

1794 மே 8 அன்று, புரட்சியின் கொந்தளிப்பில், வரி வசூல் குத்தகையில் பங்கு கொண்டவர் என்பதற்காக லவாய்சியர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய நூலுக்குக் கருவிகளின் படங்களை வரைந்தளித்த மனைவி மரி ஆன், பறிமுதலான குறிப்பேடுகளையும் கருவிகளையும் மீட்டுப் பாதுகாத்தார். அக்கருவிகள் பல, பாரிஸில் பண்டைய புனித மார்ட்டின் துறவு மடத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

கண்டதை நம்பினோர் பலர். கண்டதையும் நிறுத்துப் பார்க்க 101 நாள்கள் காத்திருந்தவர் ஒருவர். பிறரைப் பற்றிக் கேட்டவுடன் தீர்ப்புரைக்கும் நமக்கு இப்பொறுமை வேண்டாமா?